மரத்தைப் பாட வைத்த மனிதர்

இத்தாலி தேசத்தின் வட பகுதியில், போ நதியின் கரையில், கிரிமோனா என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அது பெரிய துறைமுகம் அல்ல, ராஜதானியும் அல்ல. அங்கே உலகை நடுங்க வைத்த யுத்தம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆயினும், பிடில் வாசிக்கத் தெரிந்தவர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் கிரிமோனாவின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார். அந்தப் பெருமையை ஊருக்குத் தேடித் தந்தவர்களில் முதல்வர், உளியும் இழைப்புளியும் பிடித்து வயிறு வளர்த்த ஒரு தொழிலாளி. அவர் பெயர் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி.

அவர் 1721-ம் வருஷம் செய்த ஒரு பிடில் 2011-ம் வருஷம் ஏலத்துக்கு வந்தது. விலை என்ன தெரியுமா? ஒரு கோடியே 59 லட்சம் டாலர்! ஜப்பானைப் பூகம்பமும் கடல்கோளும் சூறையாடிய வருஷம் அது. அங்கே வீடிழந்தோரின் துயர் துடைப்பதற்காகவே அந்தப் பிடில் விற்கப்பட்டது. இத்தனைக்கும் அது பொன்னும் மணியும் பதித்த பொருள் அல்ல. அரைக் கிலோ எடைகூட இல்லாத மரப் பெட்டி, நான்கு தந்திகள், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியின் முதுகும், பக்கங்களும், கழுத்தும், சங்கு போல் சுருண்ட தலையும் ஒரே ஜாதி மரத்தில் செய்யப்பட்டவை. அதுதான் மேப்பிள் மரம். ஸ்ட்ராடிவாரியின் கதையைச் சொல்லத் தொடங்கினால் அந்த மரத்தின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனெனில், ஏறக்குறைய எழுபது வருஷ காலம் அந்த மனிதர் அதனுடனேயே வாழ்ந்தார்.

பறக்கும் விதை

மேப்பிள் மரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய மூன்று கண்டங்களிலும், குளிர் மிகுந்த பகுதிகளில் அவை வளருகின்றன. நமது இமயமலைச் சரிவுகளிலும் சில வகைகள் இருக்கின்றன. காஷ்மீரத்துச் சினார் மரத்தின் இலையைப் பார்த்துவிட்டு அதையும் மேப்பிள் என்று எண்ணுவோர் பலர். இரண்டின் இலையும் விரித்த கை போல இருப்பதால் வந்த குழப்பம் அது. சினார் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கிளையைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். மேப்பிளில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக முளைக்கும். சினாரில் ஒன்று விட்டு ஒன்றாக முளைக்கும்.

மேப்பிளின் காய் இன்னும் விசேஷமானது. இரண்டு விதைகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தும்பியின் சிறகு போல ஓர் இறகு. முற்றியதும் இரண்டாகப் பிரிந்து காற்றாடி போலச் சுழன்று கொண்டே இறங்கும். சுழற்சியினால் கீழே விழும் வேகம் குறையும். அதற்குள் காற்று அதைத் தாய் மரத்தின் நிழலைத் தாண்டித் தூக்கிச் சென்று விடும். நிழலில் விழுந்த விதைக்கு வெயில் ஏது? எட்டப் போய் விழுவதுதான் பிழைக்க வழி.

கானடா தேசத்தார் 1965-ம் வருஷம் தங்கள் கொடியில் மேப்பிள் இலையைப் பொறித்துக் கொண்டார்கள். அங்கே வளரும் சர்க்கரை மேப்பிள் மரத்தில், குளிர்காலம் முடியும் தறுவாயில் துளையிட்டுச் சாறு எடுப்பார்கள். இரவில் உறைபனி, பகலில் இளம் வெயில் என்று மாறி மாறி வரும் நாட்களில்தான் சாறு பெருகும். நாற்பது லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். நம் ஊரில் பதநீர் காய்ச்சுவது போலத்தான். வெள்ளைக்காரர்கள் கால் வைப்பதற்கு முன்பே அந்த மண்ணின் பூர்வ குடிகள் இதை அறிந்திருந்தார்கள்.

ஐரோப்பாவில் வளரும் மலை மேப்பிள் அத்தனை இனிப்பானது அல்ல. அதன் செல்வம் கட்டையில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையிலும் பால்கன் மலைகளிலும் அது நூறு அடிக்கு மேல் ஓங்கி வளரும். இருநூறு, முந்நூறு வருஷங்கள் நிற்கும். கட்டை வெளிறிய தந்த நிறம். நீர் ஏறும் நுண்குழாய்கள் கட்டை முழுவதும் சீராகப் பரவியிருப்பதால் இழைத்தால் வழவழவென்று வரும். கெட்டியானது, ஆனாலும் நனைத்துச் சூடு காட்டினால் வளைந்து கொடுக்கும். மேசை, நாற்காலி, நடன மண்டபத்துத் தரை, அகப்பை, உருளை என்று அதில் செய்யாத சாமான் இல்லை.

சில மரங்களில் மட்டும் ஓர் அதிசயம் நிகழும். நார்கள் நேராக மேலே ஏறாமல் அலை அலையாக நெளிந்து ஏறும். அப்படிப்பட்ட கட்டையை அறுத்து இழைத்தால் புலித்தோலில் இருப்பது போன்ற வரிகள் குறுக்கே ஓடும். பலகையைச் சாய்த்துப் பார்த்தால் இருண்ட வரி ஒளிரும். ஒளிர்ந்த வரி இருளும். தீ நாக்குகள் அசைவது போல இருக்கும். பிடில் செய்பவர்கள் தேடி அலைவது இந்தக் கட்டையைத்தான்.

கொள்ளை நோய் விட்டுச் சென்ற ஊர்

பிடிலுக்கு இன்று நாம் காணும் உருவத்தை நிலைநாட்டியவர் கிரிமோனாவில் வாழ்ந்த ஆண்டிரியா அமாத்தி. 1577-ம் வருஷம் அவர் காலமானார். பிறகு அவருடைய மக்கள் அந்தத் தொழிலைச் செய்தனர். தொழில் நுணுக்கம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும், வெளியாருக்குப் போகாது.

1630-ம் வருஷம் வட இத்தாலியில் கொள்ளை நோய் புகுந்தது. கிரிமோனாவில் வீட்டுக்கு வீடு சாவு. அமாத்தி குடும்பத்தில் பேரனான நிக்கோலோ அமாத்தி தந்தையைப் பறிகொடுத்தார். தொழில் தெரிந்தவர் என்று ஊரில் மிஞ்சியவர் அவர் ஒருவரே. ஓர் உயிர் போனால் ஒரு கலையே போய்விடும் என்ற நிலை! நாளடைவில் நிக்கோலோ தம் குல வழக்கத்தைத் தளர்த்தினார். வெளிப் பிள்ளைகளையும் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். சாவு அடைத்த கதவு வழியாகவே கலை வெளியே வந்தது.

இந்தச் சூழலில்தான் ஸ்ட்ராடிவாரி பிறந்தார். தந்தை பெயர் அலெஸாண்டிரோ; தாயார் அன்னா மொரோனி. பிறந்த தேதியைக் காட்டும் கோயில் பதிவேடு எதுவும் கிடைக்கவில்லை. முதிய வயதில் தாம் செய்த பிடில்கள் சிலவற்றில் அவரே தம் வயதையும் எழுதி வைத்தார். அதிலிருந்து கணக்கிட்டு, 1644-ம் வருஷத்தை ஒட்டிப் பிறந்தவர் என்று கொள்கின்றனர்.

1666-ம் வருஷத்துப் பிடில் ஒன்றின் உள்ளே ஒட்டிய சீட்டில் அவர் தம்மை நிக்கோலோ அமாத்தியின் மாணவர் என்று குறித்திருக்கிறார். அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகின்றனர். அவர் முதலில் மரச் சிற்பவேலை பழகியவர் என்பாரும் உண்டு. எப்படியானாலும், ஆரம்ப காலத்துப் பிடில்களில் அமாத்தியின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

மணமும் மனையும்

1667-ம் வருஷம் ஜூலை மாதம் ஸ்ட்ராடிவாரிக்கு விவாகம் நடந்தது. மணமகள் பிரான்செஸ்கா பெராபோஸ்கி என்ற இளம் விதவை. அவளுடைய வாழ்வில் ஒரு கோரமான துயரம் நிகழ்ந்திருந்தது. முதல் கணவனை அவளுடைய சொந்தச் சகோதரனே கொன்றுவிட்டான்! அப்படிப்பட்ட பெண்ணுக்குப் புது வாழ்வு கொடுத்தார் இருபத்து மூன்று வயது ஸ்ட்ராடிவாரி. முப்பது வருஷங்களுக்கு மேல் அவர்கள் இல்லறம் நடத்தினார்கள். பிள்ளைகள் பிறந்தனர். அவர்களில் பிரான்செஸ்கோ, ஓமோபோனோ என்ற இருவர் பின்னாளில் தந்தையின் பட்டறையில் உட்கார்ந்தனர்.

1680-ம் வருஷம் அவர் புனித தொமினிக் ஆலயத்தின் எதிரே 7,000 லீரா விலையில் மூன்றடுக்கு வீடு ஒன்றை வாங்கினார். அமாத்தி குடும்பத்தின் வீடும் பக்கத்திலேதான். கீழே கடை, நடுவில் குடும்பம், மேல்மாடத்தில் வேலை. உயிர் பிரியும் வரை, ஐம்பத்தேழு வருஷங்கள், அவர் அந்த வீட்டை விட்டு மாறவில்லை.

நெட்டையான, ஒல்லியான மனிதர். வேலை செய்யும்போது தலையில் வெள்ளைக் குல்லாயும், இடுப்பில் வெள்ளைத் தோல் முன்றானையும் தரித்திருப்பார் என்று பிற்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டறையை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. சம்பாதித்ததை வீணாக்கவும் மாட்டார். கிரிமோனா மக்கள் ஒருவனைப் பெரும் பணக்காரன் என்று சொல்ல விரும்பினால் ஸ்ட்ராடிவாரியை உவமை சொல்வார்களாம்.

கட்டையைத் தேர்ந்த கண்

கட்டை வாங்குவதில் அவருடைய சிக்கனத்தையும் காணலாம், தாராளத்தையும் காணலாம். கையில் பணம் புரளாத காலத்தில் லம்பார்டிச் சமவெளியில் வளரும் நாட்டு மேப்பிளையே வாங்கினார். அதில் வரிகள் சிறியவை, அழகும் குறைவு. பெரிய மனிதர்களிடமிருந்து வேலை வரத் தொடங்கியதும் பால்கன் மலை நாட்டிலிருந்து வெனிஸ் வழியாக வந்து சேரும் உயர்ந்த மேப்பிளுக்குத் தாவினார். அகன்ற வரிகள் ஓடும் அந்தக் கட்டை 1700-க்குப் பிந்திய அவருடைய பிடில்களின் முதுகில் ஜொலிப்பதை இன்றும் காணலாம்.

நல்ல கட்டை கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அறுக்கும் முறையும் வேண்டும். வட்டமான பணியாரத்தை நடுவிலிருந்து துண்டு போடுவது போல, அடிமரத்தை மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஆப்பு வடிவில் பிளக்க வேண்டும். அப்போதுதான் பலகை வளையாது, வெடிக்காது. வரிகளும் முழு அழகுடன் தெரியும். அந்த ஆப்பையும் இரண்டாகப் பிளந்து, புத்தகத்தை விரிப்பது போல விரித்து ஒட்டினால், இரு புறமும் வரிகள் கண்ணாடிப் பிம்பம் போல அமையும். பிறகு வருஷக்கணக்கில் காற்றாட உலரப் போட வேண்டும். ஈரம் உள்ள மரம் ஊமை மரம்!

பெட்டி பிறக்கும் விதம்

ஸ்ட்ராடிவாரியின் முறை உள் அச்சு முறை. பிடிலின் உருவத்தில் வெட்டிய மர அச்சைச் சுற்றி, ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மேப்பிள் பட்டைகளை நனைத்து, சூடேறிய இரும்பில் வளைத்துப் பொருத்துவார். பக்கங்கள் அப்படித்தான் உருவாகும். முதுகுப் பலகையைப் பருத்த மேப்பிள் பலகையிலிருந்து உளியால் குடைந்து எடுப்பார். நடுவில் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஓரத்துக்குப் போகப் போக மெல்லிசு. கட்டைவிரல் அளவே உள்ள சிறிய இழைப்புளிகள் இதற்கென்றே உண்டு.

மேற்பலகை மட்டும் வேறு மரம். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் அது. எடை குறைவு; ரேகைகள் நேரானவை; ஆகவே எளிதில் அதிரும். தந்தியின் அசைவை மேற்பலகைக்குக் கொண்டு செல்வது குதிரை. அந்தக் குதிரையும் மேப்பிள்தான். பெட்டிக்குள்ளே மேற்பலகைக்கும் முதுகுக்கும் நடுவில் ஒட்டாமல் நிற்கும் சிறு குச்சி ஒன்று உண்டு. அதிர்வை முதுகுக்கு எடுத்துச் செல்வது அதன் வேலை. இத்தாலியர் அந்தக் குச்சிக்கு உயிர் என்றே பெயர் வைத்திருக்கின்றனர். அதை ஒரு நூலளவு நகர்த்தினாலும் நாதம் மாறிவிடும்.

மென்மையான ஸ்புரூஸ் அதிர்ந்து குரல் கொடுக்க, கெட்டியான மேப்பிள் அதைத் தாங்கி, திரும்ப எழுப்பி, வெளியே அனுப்புகிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் சங்கீதம் இல்லை. எல்லாவற்றையும் ஒட்டுவது மிருகங்களின் தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரம். அது வேண்டுமென்றால் விட்டுக்கொடுக்கும். பழுது பார்க்கப் பெட்டியைத் திறக்கலாம், திரும்ப மூடலாம். முந்நூறு வருஷம் கடந்தும் அந்தப் பிடில்கள் பிழைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொன்னான காலம்

1684-ம் வருஷம் நிக்கோலோ அமாத்தி காலமானார். ஸ்ட்ராடிவாரிக்கு நாற்பது வயது. கிரிமோனாவில் இனி அவருக்கு மிஞ்சியவர் இல்லை. இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் பழைய அச்சிலேயே வார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். ஸ்ட்ராடிவாரி அப்படிச் செய்யவில்லை. பிளாரென்ஸ் நகரத்து மெடிசி இளவரசருக்காக 1690-ல் வாத்தியங்கள் செய்து கொடுத்துப் புகழ் பெற்ற அதே சமயத்தில், அமாத்தியின் அளவைக் கைவிட்டுப் பிடிலின் உடலைச் சற்று நீட்டிப் பார்த்தார். சுமார் பத்து வருஷம் இந்தப் பரீட்சை நடந்தது. நினைத்த நாதம் வரவில்லை போலும். தாமே கண்ட அந்த உருவத்தையும் தாமே விட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்!

வீட்டிலும் அந்தச் சமயம் மாறுதல்கள். 1698-ல் பிரான்செஸ்கா இறந்தாள். சிக்கனக்காரர் என்று பெயரெடுத்த ஸ்ட்ராடிவாரி அவளுடைய இறுதிச் சடங்கைத் தாராளமாகச் செலவிட்டு நடத்தினார். மறு வருஷம் அந்தோனியா சாம்பெல்லி என்ற மங்கையை மணந்தார். அவளுக்கும் ஐந்து குழந்தைகள் பிறந்தன.

1700 முதல் சுமார் இருபத்தைந்து வருஷங்களை அவருடைய பொன்னான காலம் என்று சொல்கிறார்கள். நீட்டிய உருவம் போயிற்று. அகன்ற மார்பும் தட்டையான வளைவும் வந்தன. அறைக்குள் பத்துப் பேர் கேட்கும் இனிமையோடு, பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் எட்டும் வலுவும் சேர்ந்தது. 1715-ல் போலந்து அரசரின் சங்கீத வித்வான் ஒருவர் பன்னிரண்டு பிடில்கள் செய்யச் சொல்லி, அவை முடியும் வரை மூன்று மாதம் கிரிமோனாவிலேயே காத்துக் கிடந்தார் என்றால் அந்தப் புகழை என்னவென்பது!

பிடில் மட்டுமின்றி வயோலா, செலோ, கிதார், மாண்டலின், யாழ் வகைகூட அவர் செய்தார். வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்கள் செய்தவர் என்பது மதிப்பு. இன்று எஞ்சியவை சுமார் 650.

நிழலில் வாடிய பிள்ளைகள்

பெரிய மரத்தின் நிழலில் சிறு கன்று வளருவது கடினம். மேப்பிளுக்குச் சிறகு முளைத்திருக்கிறது. ஸ்ட்ராடிவாரியின் பிள்ளைகளுக்கு முளைக்கவில்லை.

பிரான்செஸ்கோவும் ஓமோபோனோவும் அறுபது வயதை அடையும் வரை தந்தையின் பட்டறையிலேயே உழைத்தார்கள். பலகை இழைத்தது அவர்களாக இருக்கலாம். பட்டை வளைத்தது அவர்களாக இருக்கலாம். உள்ளே ஒட்டிய சீட்டில் இருந்ததோ தந்தையின் பெயர். இளமையில் ஓமோபோனோ ஒரு முறை நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டு வந்தான். அந்தச் செலவை முதியவர் மறக்கவில்லை. 1729-ல் எழுதிய உயிலில், அநேக வருஷங்களுக்கு முந்திய அந்தப் பயணக் கணக்கையும் குறித்து வைத்தார்! பட்டறையும் கருவிகளும் மூத்தவன் பிரான்செஸ்கோவுக்கு என்று எழுதினார்.

அதே வருஷம் புனித தொமினிக் ஆலயத்தில் தம் குடும்பத்துக்கென ஒரு கல்லறையும் வாங்கினார். எண்பத்தைந்து வயது. இனி ஓய்வு என்று நினைத்தால் அது தவறு. கை நடுங்கியது, பார்வை மங்கியது, துவாரங்களை வெட்டிய கோடு முன்போல் நேராக ஓடவில்லை. ஆயினும் உளியைக் கீழே வைக்கவில்லை. தொண்ணூற்று மூன்றாம் வயதிலும் பிடில் செய்தார். 1737-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி காலமானார். அந்தோனியா அதே வருஷத்தின் தொடக்கத்தில் இறந்திருந்தாள்.

இப்போதாவது பிள்ளைகளின் காலம் வந்ததா? இல்லை. 1742-ல் ஓமோபோனோ மாண்டார். மறு வருஷம் பிரான்செஸ்கோவும் மாண்டார். 1744-ல், அதே ஊரில் ஸ்ட்ராடிவாரிக்கு அடுத்தபடி போற்றப்படும் குவார்நேரி மறைந்தார். 1747-ல் கார்லோ பெர்கோன்ஸியும் போனார். பத்தே வருஷம்! கொள்ளை நோய் அழிக்கத் தவறிய கலையைக் காலம் ஓசையில்லாமல் அழித்துவிட்டது.

ஊர் மறந்த கதை

ஸ்ட்ராடிவாரியின் கடைசி மகன் பாவ்லோ துணி வியாபாரி. தகப்பனார் விட்டுச் சென்ற பிடில்களையும், அச்சுகளையும், கருவிகளையும் 1775-ம் வருஷத்தை ஒட்டிக் கோஸியோ என்ற பிரபுவுக்கு விற்றுவிட்டார்.

அவற்றில் 1716-ல் செய்த ஒரு பிடிலும் இருந்தது. அது பிறகு தாரிஸியோ என்ற ஊர் சுற்றும் வியாபாரியின் கைக்கு மாறியது. பாரிஸ் நகரத்துக்குப் போகும்போதெல்லாம் அதைப் பற்றி அளப்பாரே தவிர, கண்ணில் காட்டமாட்டார். சலித்துப் போன ஒரு வித்வான், யூதர்கள் காத்திருக்கும் மெஸையாவைப் போல அந்தப் பிடிலும் வரவே வராது போலும் என்று கேலி செய்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1854-ல் தாரிஸியோ இறந்த பின்புதான் மெஸையா வெளியே வந்தது. இப்போது ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஷ்மோலியன் பொருட்காட்சி சாலையில், நேற்றுச் செய்தது போன்ற பளபளப்புடன் இருக்கிறது. அது போலி என்று ஒரு சமயம் சந்தேகம் கிளம்பியது. மேற்பலகையில் உள்ள வருஷ வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். கடைசி வளையம் 1680-களைச் சேர்ந்தது. மரமே வந்து சாட்சி சொல்லிவிட்டது!

பிடிலுக்குக் கிடைத்த பாதுகாப்பு அதைச் செய்தவருக்குக் கிடைக்கவில்லை. 1869-ல் புனித தொமினிக் ஆலயத்தை இடித்தார்கள். கல்லறைகள் கலைந்தன, எலும்புகள் ஒன்றோடொன்று கலந்தன. ஸ்ட்ராடிவாரியின் எலும்பு எது என்று அடையாளம் காண வழியில்லாமற் போயிற்று. ஐம்பத்தேழு வருஷம் வாழ்ந்த வீடும் இருபதாம் நூற்றாண்டில் தரைமட்டமாயிற்று.

ரகசியம் என்ன?

அவர் வார்னிஷில் ஏதோ மருந்து சேர்த்தார் என்று நெடுநாள் பேசிக்கொண்டார்கள். 2009-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஐந்து வாத்தியங்களின் வார்னிஷைச் சோதித்தார்கள். எண்ணெய், ஊசியிலை மரப் பிசின், சிவப்பு வண்ணம் ஆகியவைதான் இருந்தன. அந்தக் காலத்துச் சித்திரக்காரர் எவரும் கடையில் வாங்கக்கூடிய சாமான்கள்!

மேப்பிள் கட்டையில் மட்டும் ஒரு புதுச் செய்தி கிடைத்தது. பழுது பார்க்கும்போது உதிர்ந்த சீவல்களை 2016-ல் தைவான் விஞ்ஞானிகள் பரிசோதித்தனர். இயற்கையான மேப்பிளில் இல்லாத அளவுக்கு அலுமினியம், கால்சியம், செம்பு, சோடியம், துத்தநாகம் முதலியவற்றின் உப்புக்கள் அதில் இருந்தன. கட்டையைப் புழுவும் பூஞ்சையும் அரிக்காதிருக்க உப்பு நீரில் ஊறவைத்திருக்கலாம் என்று கருதுகின்றனர். அதோடு, மரத்தின் நார்களைப் பிணைக்கும் பொருளில் மூன்றில் ஒரு பங்கு முந்நூறு வருஷத்தில் சிதைந்து போயிருந்தது. ஆகவே கட்டை ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும். ஸ்ட்ராடிவாரி கேட்ட அதே நாதத்தைத்தான் நாம் இன்று கேட்கிறோமா என்பதே ஒரு கேள்வி!

இன்னொரு பரீட்சை மேலும் துணிச்சலானது. 2010-ல் அமெரிக்காவிலும் 2012-ல் பாரிஸிலும் தேர்ந்த வித்வான்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பழைய பிடில்களையும் புதிய பிடில்களையும் வாசிக்கச் செய்தார்கள். எது ஸ்ட்ராடிவாரி என்று அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது பலர் புதியதையே தேர்ந்தனர்!

இதனால் ஸ்ட்ராடிவாரியின் பெருமை குறைந்துவிட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். யோசித்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. இன்றைய பிடில் தச்சர் வெட்டும் உருவம் எவருடையது? அளவு எவருடையது? பெரும்பாலும் ஸ்ட்ராடிவாரியும் குவார்நேரியும் கண்டவை அல்லவா? ஒரு காலத்தில் குலத்துக்குள் அடைந்து கிடந்த வித்தை, இன்று நல்ல கட்டையும் நல்ல கையும் உள்ள எவரும் பயிலும் வித்தையாகிவிட்டது. மாணவன் ஆசானை எட்டிப் பிடித்தால் ஆசானுக்குத் தோல்வியில்லை.

நம் பாதத்தில்

ஐரோப்பியரின் பிடில் நம் நாட்டுக்கு வந்து கர்நாடக சங்கீதத்தில் கலந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதற்கு வழி திறந்தவர்கள். மேல்நாட்டார் நின்றுகொண்டோ, நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பார்கள். நம் வித்வான்கள் சம்மணமிட்டு அமர்ந்து, பிடிலின் சுருண்ட தலையை வலது பாதத்தின் மேல் ஊன்றிக்கொண்டார்கள். நல்ல பிடில் என்றால் அந்தத் தலையும் மேப்பிள் கட்டைதான். கமகங்களை இழைக்கும்போது விரல்கள் தடையின்றி ஓடுவதற்கு இந்த அமர்வு உதவியது.

கிரிமோனா நகரமும் தன் மைந்தனை மறுபடி நினைவு கூர்ந்தது. பிரபுவின் குடும்பத்திலிருந்து கை மாறிய அச்சுகளும் கருவிகளும் 1930-ல் ஊருக்கே திரும்பின. 1938-ல் பிடில் செய்யக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் பிறந்தது. இன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் மேப்பிள் சீவல் உதிர்கிறது. 2012-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அந்தக் கைத்தொழிலை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வமாக ஏற்றது.

2019-ம் வருஷத் தொடக்கத்தில் அந்த ஊரில் ஓர் அபூர்வ நிகழ்ச்சி. ஸ்ட்ராடிவாரி முதலானோர் செய்த பழைய வாத்தியங்களின் நாதம் ஒரு நாள் தேய்ந்து போகலாம். அதற்குள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வெளியே ஒரு கார் ஓடினாலும், கல் பாவிய தெருவில் ஒரு பெண்ணின் குதிகால் செருப்பு தட்டினாலும் கருவியில் கேட்டது. நகரத் தலைவர் சத்தம் போட வேண்டாம் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். சுற்றியுள்ள வீதிகளில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. ஐந்து வாரம் அந்த வட்டாரமே மூச்சடக்கி இருந்தது.

எலும்பையும் வீட்டையும் காப்பாற்றத் தவறிய ஊர், முந்நூறு வருஷத்துக்கு முன் அந்த மனிதர் இழைத்து வைத்த மேப்பிள் பலகையின் குரலைக் காப்பாற்ற அப்படி மௌனம் காத்தது.